எதிர் எடை

லுமெட்ஸானேயில் எல்லோரும் குழாய் செய்கிறோம்.
இத்தாலியில் எந்தக் குளியலறையில் சொட்டினாலும்
பழி எங்கள் பள்ளத்தாக்குக்குத்தான்.
பகலில் நானும் குழாய்.
ஆறு மணிக்கு மேல்,
கடைசல் இயந்திரம் சூடு ஆறுவதற்குள்,
மிஞ்சிய பித்தளையில் பம்பரம்.

சாட்டை கிடையாது, ஆணி கிடையாது.
இரண்டு விரல் திருகு ஒன்றுதான் அதற்குச் சீதனம்.
பிறகு யாரிடமும் கைநீட்டாமல்
காற்றுக்குக் கொஞ்சம் கண்ணாடிக்குக் கொஞ்சம் என்று
செலவழித்துத் தீர வேண்டும்.

ஆகவே எடையை ஓரத்துக்குத் தள்ளினேன்.
நடுவில் அலுமினியம், விளிம்பில் பித்தளை.
காம்பை மெலிய வைத்தேன்,
இடுப்பைத் தாழ்த்தினேன், இன்னும் தாழ்த்தினேன்,
தரையை உரசியது; ஒரு மயிரிழை ஏற்றினேன்.
முனையில் கடுகில் பாதியாய் ஒரு பீங்கான் குண்டு.
அடியில் தம்பி துலியோவின் சவரக் குழியாடி
(ஒரு வாரம் தாடியோடு திரிந்தான், கேட்கவில்லை).
சமதளத்தில் விட்டால் ஊர் சுற்றப் போய்விடும்;
குழியில் விட்டால் சுற்றிச் சுற்றி நடுவுக்கே வரும்.

தூங்கியது.
சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி தூங்கியது.
பதினான்காம் நிமிடம் புரண்டு படுத்தது.
பதினெட்டில் விழுந்தது.
மறுபடி விட்டேன்: பதினெட்டு.
விரலைத் துடைத்து, சன்னலை மூடி, மூச்சைப் பிடித்து:
பதினெட்டு.

பேனா முனையை விளிம்பருகே அசையாமல் நிறுத்தினால்
எந்தப் பக்கம் கனத்து வெளியே எட்டிப் பார்க்கிறதோ
அந்தப் பக்கம் மை வாங்கிக்கொள்ளும்.
எத்தனை முறை வைத்தாலும் ஒரே இடத்தில் மை.
இயந்திரத்தைத் திட்டினேன்.
பித்தளைக்குள் குமிழி இருக்கிறது என்று
வார்ப்புக்காரனோடு சண்டை போட்டேன்.
மூன்று வாரம் கழித்து, மைக்கு நேர் எதிரே
கட்டைவிரலில் ஏதோ நெருடியது.

எஃப்.
ஃபியோரென்ஸாவின் எஃப்.
முதல் நாளே ஆசையாய் நான் செதுக்கியது.

பெயரைப் பொறித்தால் பொருள் கூடும் என்றிருந்தேன்.
அந்த அளவு உலோகம் போய்விட்டிருந்தது, அவ்வளவுதான்.

"எதிரே ஒரு புள்ளி தோண்டு, சரியாகிவிடும்"
என்றான் இரவு ஷிஃப்டு மார்சேலோ.
புள்ளியா?
நாற்பத்தாறு வயது சுமந்த பெயருக்கு எதிரே
ஒரு வெறும் புள்ளியா?

கழிவுத் தகட்டில் எழுத்தெழுத்தாய்ச் செதுக்கி
உதிர்ந்த தூளை நகைக்கடைத் தராசில் நிறுத்தேன்.
எஃப், பதினேழு மில்லிகிராம்.
எல் போதவில்லை. டி-யும் போதவில்லை.
எம் அள்ளிக்கொண்டு போனது.
ஓ நழுவியது, எனக்கு வளைவு வராது.
வி.
பதினேழு.
தும்மிவிடுவேனோ என்று பயந்து இன்னொரு முறை பார்த்தேன்.
பதினேழு.

வி-யில் தொடங்கும் யாரும் எனக்கு இல்லை.
செதுக்கினேன்.

சனிக்கிழமை அதைப் புகையிலைக் கடைக்குக் கொண்டுபோனது
என் தப்பு.
விடுவதற்கு முன் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.
ஒரு பக்கம் எஃப்; திருப்பினால் வி.
நாத்தனார் இல்டே என் தோளை இடித்தாள்.
கல்லாவுக்குப் பின்னால் இருந்த வித்தோரே,
மனைவி போய் ஆறு வருடமாக
கண்ணாடி பார்க்காத மனிதர்,
உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வந்தார்.

விட்டேன்.
எஃப் அழிந்தது, வி அழிந்தது,
விளிம்பில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு மட்டும்.
சீட்டாட்டக்காரர்கள் பத்து நிமிடத்தில் சலித்துத் திரும்பினார்கள்.
இல்டே பேருந்துக்குப் போனாள்.
வித்தோரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
அவர் கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
பதினெட்டு தாண்டியது.
இருபத்தைந்தில்தான் முதல் அசைவு.
இருபத்தாறில் சாய்ந்து, கண்ணாடியில் ஒரு வட்டம் கீறி, நின்றது.

"அந்த வி..." என்றார்.
"எடை" என்றேன்.
"எவ்வளவு?"
"பதினேழு மில்லிகிராம்."
யோசித்தார்.
"கொஞ்சம்தான்" என்றார்.
"கொஞ்சமில்லை" என்றேன்.
"அது இல்லாவிட்டால் எட்டு நிமிடம் குறையும்."